காலையில் வைக்கும் முதல் அடி: குதிகால் வலியும் செருப்பும் இன்சோலும்

படுக்கையிலிருந்து எழுந்து தரையில் காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி ஏறியது போன்ற வலி. சுவரைப் பிடித்தபடி குளியலறை வரை நடந்து முடிப்பதற்குள் அது பாதியாகத் தணிந்துவிடுகிறது. காப்பி குடிக்க உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. ஒருவர் தம் வலியை இந்த வரிசையில் சொல்லி முடிக்கும்போதே, பெரும்பாலான மருத்துவர்கள் எக்ஸ்ரேகூடக் கேட்காமல் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அது பிளான்டர் ஃபேசியைட்டிஸ். நம் வீடுகளில் குதிகால் வாதம் என்றும் குதிகால் முள் என்றும் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரலாம் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், சமையலறை, வகுப்பறை, ஜவுளிக்கடை, தொழிற்சாலை என்று நாள் முழுவதும் கெட்டித் தரையில் நின்று வேலை செய்பவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

எனக்கும் இது வந்தது, ஓராண்டுக்கு அருகில் என்னைப் படுத்தியும் எடுத்தது. அந்த நாட்களில் செருப்புக்கும் இன்சோலுக்கும் நான் செய்த செலவில் பாதி வீண் என்பது பிற்பாடுதான் புரிந்தது. காலணிக்குள் வைக்கும் ஒரு துண்டு ரப்பரோ பிளாஸ்டிக்கோ வலியை எப்படிக் குறைக்கிறது, அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை முன்பே அறிந்திருந்தால் அந்தச் செலவைத் தவிர்த்திருப்பேன். அதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காகவே இந்த விளக்கம்.

வில்லும் நாணும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் இருக்கின்றன. இந்த எலும்புகள் தரையில் பரப்பி வைத்த செங்கற்கள்போல் கிடப்பதில்லை. உட்புறத்தில் உயரமாகவும் வெளிப்புறத்தில் தாழ்வாகவும் ஒரு வளைவாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த வளைவு உடல் எடையால் தட்டையாகிவிடாமல், குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிப்பகுதி வரை ஒரு தடித்த நார்ப்பட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. பாதத்தை வில் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பட்டை அதன் நாண். இதற்குத்தான் பிளான்டர் ஃபேசியா என்று பெயர்.

இதை நீங்கள் உங்கள் காலிலேயே பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மற்றத் தொடைமேல் போட்டுக்கொண்டு, கால் பெருவிரலைக் கையால் மேல்நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளங்காலின் உட்பக்கத்தில் ஒரு கயிறு விறைத்து நிற்பதும், அதே நேரத்தில் பாத வளைவு சற்று உயர்வதும் தெரியும். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் இதுவே நடக்கிறது: பெருவிரல் மடங்கியதும் நாண் இறுகுகிறது, பாதம் தளர்ந்த நிலையிலிருந்து உறுதியான நெம்புகோலாக மாறி உடலை முன்னே தள்ளுகிறது. கப்பலில் நங்கூரக் கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளையோடு இதனை ஒப்பிட்டு 1954இல் ஹிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

ஒரு நாளில் சில ஆயிரம் அடிகள் எடுத்து வைக்கிறோம். அத்தனை முறையும் இந்த நாண், குதிகால் எலும்பில் தான் பற்றியிருக்கும் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. அந்த இடத்தில் நாளடைவில் நார்கள் நைந்து போகின்றன. இரவில் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் நாண் சுருங்கிய நிலையிலேயே பல மணி நேரம் இருக்கிறது. காலையில் முழு எடையும் ஒரேயடியாக அதன்மேல் இறங்கும்போது நைந்த இடம் சட்டென்று இழுபடுகிறது. முதல் அடி அவ்வளவு வலிப்பதும், பத்திருபது அடிக்குப் பிறகு வலி தணிவதும் இதனால்தான். நோயின் பெயர் அழற்சி என்று பொருள்படும்படி இருந்தாலும், நாட்பட்ட வலி உள்ளவர்களின் திசுவை எடுத்துப் பார்த்தபோது அழற்சியைவிட நார்களின் சிதைவே மிகுதியாகக் காணப்பட்டது. வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் வரை நன்றாக இருந்துவிட்டு மறுநாள் காலை பழைய நிலைக்கே வந்துவிடுவது இதனால் வியப்பல்ல.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பிலிருந்து முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சியைப் பார்த்துப் பலரும் பயந்துபோகிறார்கள். அந்த முள்தான் ஒவ்வோர் அடியிலும் சதையில் குத்துகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய முள் இருக்கிறது. முள் அப்படியே இருக்க வலி மட்டும் போய்விட்டவர்களும் ஏராளம். ஆகவே முள்ளைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்படும் எண்ணெய்க்கும் பொடிக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்சோல் என்ன செய்கிறது?

ஆர்த்தோட்டிக் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் கடைகளில் இன்சோல், ஆர்ச் சப்போர்ட், ஹீல் கப் என்று கிடைப்பதும் ஒரே குடும்பம். அவை எலும்பை நிமிர்த்துவதில்லை, நைந்த நாரை ஒட்டவைப்பதும் இல்லை. தரைக்கும் பாதத்துக்கும் இடையில் பாரம் இறங்கும் இடத்தை மாற்றுகின்றன. சமதளத்தில் நிற்கும்போது எடையின் பெரும்பங்கைக் குதிகாலும் முன்பாதமும் தாங்க, நடுவிலுள்ள வளைவு சும்மா இருக்கிறது. வளைவின் வடிவத்துக்கு ஏற்ப உயர்ந்த ஒரு தாங்கியை அங்கே வைத்தால் அதுவும் சுமையில் பங்கெடுத்துக்கொள்கிறது. அதே எடை பரந்த பரப்பில் இறங்குவதால் ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் குறைகிறது. வளைவு கீழே அமுங்குவது குறைவதால் நாணும் முன்போல் இழுபடுவதில்லை.

குதிகாலைச் சுற்றிக் கிண்ணம்போல் அமையும் ஹீல் கப்பின் வேலை சற்று வேறானது. குதிகால் எலும்புக்கு அடியில் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கொழுப்பு மெத்தை இயற்கையாகவே இருக்கிறது. நிற்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கி மெலிகிறது. வயதாக ஆக அதன் துள்ளலும் குறைகிறது. கிண்ணத்தின் ஓரங்கள் அந்தச் சதையை உள்ளே கூட்டிப் பிடிப்பதால், நம் மெத்தையே நமக்கு முழுமையாகப் பயன்படுகிறது. சிலிக்கான் ஹீல் கப் வாங்குபவர்கள் அது மெத்தென்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஓரம் உயர்ந்து குதிகாலை அணைத்துப் பிடிக்கிறதா என்பதே அதைவிட முக்கியம்.

மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணம் முன்பு எனக்கும் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை போய்விடும் பஞ்சு போன்ற இன்சோல், கடையில் கால் வைத்துப் பார்க்கும் இரண்டு நிமிடங்களுக்கு மட்டுமே சுகம். 70 கிலோ எடை ஏறியதும் அது தகடாகிவிடும். வளைவுக்குத் தாங்கலே கிடைக்காது. ஓரளவு கெட்டியான ஈவிஏ (ரப்பர் போன்ற ஒரு நுரைப் பிளாஸ்டிக்) அடித்தளமும் அதன்மேல் மெல்லிய மென்மையான படலமும் உள்ள இன்சோலே பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. முழுக்கக் கெட்டியான பாலிபுரோப்பிலீன், கார்பன் ஃபைபர் தாங்கிகள் சில குறிப்பிட்ட சிக்கல்களுக்கானவை. ஆலோசனை இல்லாமல் அவற்றில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து வரும் கேள்வி, கடையில் தயாராகக் கிடைப்பதை வாங்குவதா, பாதத்தை அச்செடுத்துச் செய்து வாங்குவதா என்பது. முன்னது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பின்னது பல ஆயிரங்களுக்குப் போகும். விலை கூடினால் குணமும் கூடும் என்ற நம் கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. 1999இல் அமெரிக்காவில் குதிகால் வலி உள்ள 236 பேரிடம் நடந்த ஒரு சோதனையில் எல்லோருக்கும் கால் நீட்டும் பயிற்சிகள் சொல்லித் தரப்பட்டன. சிலருக்குப் பயிற்சி மட்டும், மற்றவர்களுக்கு அதனோடு சேர்த்து வெவ்வேறு வகை இன்சோல்கள். எட்டு வாரங்களுக்குப் பிறகு, தயாராக விற்கும் சிலிக்கான் இன்சோல் அணிந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கும், ரப்பர் வகை அணிந்தவர்களில் 88 சதவீதம் பேருக்கும் வலி குறைந்திருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 72 சதவீதம். அச்செடுத்துச் செய்த விலையுயர்ந்த தாங்கியை அணிந்தவர்களிலோ 68 சதவீதம்தான். 2006இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்விலும் தயாராகக் கிடைப்பதும் அச்செடுத்ததும் ஒன்றுபோலவே பலன் தந்தன. முதல் மூன்று மாதங்களில் கால் சற்று நன்றாக இயங்கியதே தவிர, ஓராண்டு கடந்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட, வளைவைத் தாங்காத போலித் தாங்கியை அணிந்தவர்களும் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்திருந்தனர்.

குதிகால் வலி பெரும்பாலும் காலப்போக்கில் தானாகவே குறையக்கூடியது என்பதும், இன்சோல் அந்த இடைக்காலத்தை நடக்கக்கூடியதாக ஆக்கித் தருகிறது என்பதும் இவற்றிலிருந்து தெரிகிறது. அதற்குத் தயாராகக் கிடைப்பதே முதலில் போதும். இரண்டு மூன்று மாதங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தியும் பலன் இல்லையென்றால், அல்லது பாதத்தின் அமைப்பே வெகுவாக மாறியிருந்தால், பழைய எலும்பு முறிவு, முடக்குவாதம், உணர்விழப்பு போன்றவை இருந்தால், அப்போது அச்செடுத்துச் செய்வதில் பொருள் உண்டு.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் மாதத்திலேயே கண்ணாடித் தட்டில் நிற்கவைத்துக் கணினியில் வண்ணப்படம் காட்டிய ஓர் இடத்தில், சிவப்பாகத் தெரிந்த குதிகாலைப் பார்த்து மிரண்டு, பெருந்தொகை கொடுத்து ஒரு ஜோடி செய்து வாங்கினேன். நிற்கும் எவருக்கும் குதிகால் அப்படத்தில் சிவப்பாகத்தான் தெரியும் என்பது அப்போது தெரியாது. அதைவிடப் பெரிய தவறு, அந்தத் தாங்கியை ஏற்கெனவே இறுக்கமாக இருந்த அலுவலக ஷூவுக்குள், பழைய இன்சோலை எடுக்காமலேயே திணித்தது. குதிகால் ஷூவை விட்டு மேலே எழும்பியது, விரல்கள் நசுங்கின, மூன்றாம் நாள் சுண்டுவிரலில் கொப்புளம். எந்தக் காலணிக்குள் போகப் போகிறது என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

காலணிதான் வீடு

இன்சோல் குடிவரும் வீடு காலணி. வீடு சரியில்லையென்றால் குடிவருபவர் என்ன செய்ய முடியும்? காலணியைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஷூவின் பின்பக்கம், குதிகாலைப் பிடிக்கும் சுவரை இரு விரல்களால் நசுக்கிப் பாருங்கள். துணிபோல் மடிந்தால் அது குதிகாலைப் பிடிக்காது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் அல்ல. ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்ளும் காலணியால் வளைவைத் தாங்க இயலாது. குதிகால் வலி உள்ளவர்களுக்குக் குதிப்பகுதி முன்பகுதியைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பது இதமாக இருக்கும்; முற்றிலும் தட்டையான காலணி கெண்டைக்காலையும் அதன்வழியே நாணையும் கூடுதலாக இழுக்கும். அதற்காக உயர்ந்த ஹீல்ஸ் வேண்டாம். அது எடையை முன்பாதத்துக்குத் தள்ளி அங்கே வேறு வலியைத் தொடங்கிவைக்கும்.

அளவு பார்ப்பதில் நாம் காட்டும் அலட்சியம் பெரிது. இருபது வயதில் எட்டு நம்பர் என்றால் ஐம்பதிலும் எட்டு நம்பர்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். வயதும் எடையும் கூடும்போது பாதம் தளர்ந்து நீளமும் அகலமும் கூடுகின்றன. மாலையில் பாதம் சற்று வீங்கியும் இருக்கும். எனவே காலணி வாங்க மாலை நேரத்தில் போவதும், நின்றுகொண்டு அளப்பதும், இரண்டு பாதங்களில் பெரியதற்கு ஏற்ப வாங்குவதும் நல்லது. நிற்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். மிக நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல்தான் என்பதில்லை; பலருக்கு இரண்டாம் விரலே நீளமானது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைத் தாளின்மேல் வெறுங்காலோடு நின்று, இன்னொருவரைக் கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தின்மேல் நீங்கள் தினமும் அணியும் ஷூவை வையுங்கள். காலணிக்கு வெளியே கோடு எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் அது உங்கள் பாதத்தை நெருக்குகிறது. பலருக்குச் சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் எலும்பு புடைத்திருக்கும் இடமும் அப்பட்டமாக வெளியே தெரியும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் நீளமல்ல, அகலம். நம் கடைகளில் விற்கும் ஷூக்கள் பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய அளவு முறையில் வருகின்றன. பிரிட்டிஷ் முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. அகலத்துக்குத் தனி எண் இருந்தாலும் பெரும்பாலான கடைகளில் ஒரே அகலம்தான் கிடைக்கும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை என்பது அதில் தெரியவந்தது. அதன் அடிப்படையில் இந்தியர்களுக்கென்று ‘பா’ என்ற புதிய அளவு முறையும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாமல் நாம் ஒரு நம்பர் பெரிதாக வாங்கும்போது, ஷூ மடியும் இடமும் நம் விரல்கள் மடியும் இடமும் பொருந்தாமல் போகின்றன, குதிகாலும் உள்ளே வழுக்குகிறது. கயிறு கட்டும் ஷூவோ, ஒட்டுப்பட்டை வைத்த செருப்போ இதற்கு ஓரளவு பரிகாரம். முன்பக்கம் அகலமாக இருக்க, இறுக்கத்தை நடுப்பாதத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவர், எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். ஒருமுறை என் செருப்பின் குதிப்பகுதியில் விரலை வைத்து, “உள்பக்கம் தேய்ஞ்சிருக்கு தம்பி, காலை உள்ளே சாய்ச்சு வைக்கிறீங்க” என்றார். பெரும்பாலோருக்குக் குதிப்பகுதியின் வெளியோரம் சற்றுக் கூடுதலாகத் தேய்வது இயல்பே, ஏனென்றால் நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது அந்த இடம். உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் உட்புறமாகச் சரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தேய்ந்த சோலோடு தொடர்ந்து நடப்பது அந்தச் சரிவை மேலும் கூட்டும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். குதிகால் வலிக்கு இன்சோல் வாங்கி ஷூவில் வைத்துக்கொண்டவர், அந்த ஷூவை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணிகிறார்? வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு இருக்கிறோம்; தரையோ டைல்ஸ் அல்லது கிரானைட். காலை ஐந்தரை மணிக்கு அடுப்படியில் நிற்கத் தொடங்கும் ஒருவருக்கு, வெளியே போகும்போது மட்டும் அணியும் நல்ல செருப்பால் என்ன பயன்? குதிகால் வலி உள்ள பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கல் இருக்கும். வெளியே போட்ட செருப்போடு வீட்டுக்குள் வரக் கூடாது என்ற வழக்கத்தை மீற வேண்டியதில்லை. வீட்டுக்கென்றே ஒரு ஜோடி வாங்கி, அதை வாசலைத் தாண்டவிடாமல், பூசை அறைக்கு வெளியே கழற்றி வைத்துக்கொண்டால் போதும். எனக்கு வலி குறையத் தொடங்கியது பல ஆயிரம் ரூபாய்த் தாங்கியால் அல்ல, இந்த வீட்டுச் செருப்பால்தான் என்று நினைக்கிறேன். அது ஹவாய் செருப்பாக இருக்க வேண்டாம்: அதில் வளைவுக்குத் தாங்கல் இல்லை, பின்பட்டையும் இல்லை, அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முள்முள்ளாக ரப்பர் மொட்டுகள் வைத்த அக்குபிரஷர் செருப்பும் வலியுள்ள குதிகாலுக்கு ஆறுதல் தராது.

வலி வேறிடத்தில் இருந்தால்

விரல்களுக்குப் பின்னால், முன்பாதத்தின் பந்து போன்ற பகுதியில் கூழாங்கல்லை மிதிப்பதுபோல் வலித்தால் குதிகாலுக்கான இன்சோல் உதவாது. அங்கே தேவைப்படுவது மெட்டாடார்சல் பேட் என்ற சிறு மேடு. இதை வாங்குபவர்களில் பலர் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிக்கொள்கிறார்கள். கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்ததுபோல் வலி கூடிவிடுகிறது. மேடு இருக்க வேண்டியது வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அப்போதுதான் எடை விரல்களை ஒட்டிய எலும்புத் தலைகளிலிருந்து பின்னால் நகரும். இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக்கையோ நீர் சேர்த்துக் குழைத்த குங்குமத்தையோ தொட்டு வைத்து, காலணிக்குள் காலை விட்டு எடையை ஊன்றி எடுங்கள். இன்சோலில் பதிந்த சிவப்புப் புள்ளிக்கு உடனே பின்னால் மேட்டை ஒட்டலாம். பெருவிரல் மூட்டு விறைத்து மடங்க மறுப்பவர்களுக்கு, முன்பக்கம் படகின் அடிபோல் மேல்நோக்கி வளைந்த கெட்டியான சோல் பயன்படும். விரல் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சோல் உருண்டு செய்துவிடுகிறது.

தட்டைப் பாதம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளைவு மெல்ல மெல்ல, பத்து வயதுக்குள் உருவாகிறது. நுனிக்காலில் நிற்கச் சொல்லும்போது வளைவு எழுந்தால், குழந்தைக்கு வலியும் இல்லையென்றால், அதற்கு ஆர்ச் சப்போர்ட் ஷூ தேவையில்லை. கர்நாடகத்தைச் சேர்ந்த இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், அணியாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்ததாகக் கண்டார்கள். மண்ணில் வெறுங்காலோடு ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து ஷூ மாட்டிவிட வேண்டிய அவசரம் இல்லை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களின் நிலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. இதுவரை சொன்னதெல்லாம் வலியைக் குறைக்க; அவர்களுக்கோ வலி தெரியாததே ஆபத்து. இதை உலகுக்கு உணர்த்தியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களில் சதை தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற இடத்தில் அவர்கள் அறியாமல் ஏற்படும் காயங்களும் ஓயாத அழுத்தமுமே விரல்களைத் தின்கின்றன என்று காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரப்ப வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் பயன்படுத்தப்பட்ட நுண்குமிழ் ரப்பர் (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) தான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று தெருவெங்கும் விற்கப்படுகிறது. பெயர் எழுதியிருப்பதெல்லாம் எம்.சி.ஆர். ஆகிவிடாது: உள்தளத்தை விரல்களுக்கிடையில் அழுத்தினால் நன்றாக அமுங்கி, விட்டதும் மீண்டுவர வேண்டும், அதற்கடியில் முள் துளைக்காத கெட்டியான சோல் இருக்க வேண்டும், செருப்பு கழன்றாலும் தெரியாது என்பதால் பின்பட்டை கட்டாயம். காலணிக்குள் காலை விடுமுன் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவர்களுக்கு அன்றாட வேலைகள். கடையில் கிடைக்கும் கெட்டியான ஆர்ச் சப்போர்ட்டை அவர்கள் தாமாக வாங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது. அச்செடுத்துச் செய்யும் தாங்கிக்கு உண்மையான தேவை இவர்களில் பலருக்குத்தான் இருக்கிறது.

பழகுவதும் பொறுப்பதும்

புதிய இன்சோலை முதல் நாளே பத்து மணி நேரம் அணிந்தால் கெண்டைக்காலும் முழங்காலும் முறையிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு போய், இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வரலாம். வளைவில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு முதலில் இருக்கும், சில நாளில் மறந்துபோகும். குத்தலும் தோல் சிவப்பதும் நீடித்தால் அந்த இன்சோல் உங்களுக்கானதல்ல.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது பயிற்சி. படுக்கையை விட்டு இறங்குமுன், மேலே சொன்னபடி விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து வினாடி பிடித்து, பத்து முறை செய்துவிட்டு, அதன் பிறகே முதல் அடியை வைக்க வேண்டும். வலி சற்றுத் தணிந்ததும், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும். ஆனால் அது நாணை அறுந்துபோகச் செய்யவும் கொழுப்பு மெத்தையை மெலியச் செய்யவும் வாய்ப்புண்டு என்பதால், அதை முதல் வழியாகக் கேட்டு வாங்காமல் இருப்பது நலம். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அறுவை சிகிச்சையே இல்லாமல், ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடுகிறது. ஓராண்டு என்பது நீண்ட காலம்தான், வலி உள்ளவருக்கு இன்னும் நீளமானது.

எல்லாக் குதிகால் வலியும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தால், குதிகாலை இருபக்கமும் பிடித்து அழுத்தினால் துடித்தால், பாதம் மரத்துப்போனாலோ சுட்டெரித்தாலோ, வீக்கமும் காய்ச்சலும் இருந்தால், இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து அதிகாலையில் இடுப்பும் விறைத்துக்கொண்டால், கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பில் நுண்முறிவு, நரம்பு அழுத்தம், மூட்டுவாதம் ஆகியவற்றின் அறிகுறிகள் இவை.

நன்றாகப் பலன் தந்த இன்சோலும் ஒருநாள் செத்துப்போகும். ஈவிஏ தாங்கிகள் தினமும் அணிந்தால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அமுங்கிவிடுகின்றன. வெளியே பார்க்கப் புதிதாகவே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. என் வீட்டுச் செருப்பு எட்டாம் மாதம் வரை நன்றாக இருந்தது. ஒன்பதாம் மாதம் காலை வலி மெல்லத் தலைகாட்டியதும், அதை மேசைமேல் வைத்துக் குதிப்பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கு அடியில் பலகை தட்டியது. அன்று மாலையே வேறு ஜோடி வாங்கினேன்.